டயல் வேண்டாம் என்றவள்

கார் இல்லாத கார் ஷெட்டில் அவள் புருஷன் தொழில் நடத்தத் தயாராகிக்கொண்டிருந்தான். இடப்பக்கம் லேத், வலப்பக்கம் துளை போடும் மெஷின். நடுவில் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம். "இங்கதான் சர்ஃபேஸ் கிரைண்டர்" என்று அந்த வெறும் கட்டத்தைக் காட்டும்போதெல்லாம் அவன் முகம், பிறக்கப்போகிற குழந்தைக்குத் தொட்டில் கட்டி வைத்தவன் முகம் மாதிரி இருக்கும்.

இரும்புத் தகட்டைக் காந்த மேடையில் பிடிக்க வைத்து, மேலே சுழலும் கல்லால் உரசி உரசி, கண்ணாடி போல மட்டமாக்குவது அந்த மெஷினின் வேலை. பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற அச்சுகள் செய்யும் கம்பெனி ஒன்று மாதிரிக்குச் சில தகடுகள் கேட்டிருந்தது. அவை தேறினால் தொடர்ந்து வேலை வரும். அதை நம்பி அவன் ஃபாக்டரி வேலையை ராஜினாமாவும் செய்துவிட்டான்.

புது மெஷினுக்கு வசதியில்லை. பழசு இருக்கிறது என்று சொன்னது அவளுடைய சொந்த அண்ணன். பழைய மெஷின்களை வாங்கி விற்பதுதான் அண்ணனின் பிழைப்பு.

பார்க்கக் கிளம்பிய காலையில் புருஷன் டயல் கேஜைத் துடைத்துப் பையில் வைத்தான். கைக்கடிகாரம் மாதிரி ஒரு முள் வைத்த கருவி. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு மேடுபள்ளம் இருந்தாலும் ஆடிக் காட்டிவிடும். காய்கறிக் கடைத் தராசையே குனிந்து பார்க்கிறவன் அவன். ஃபாக்டரியில் அவனுக்கு 'மைக்ரான்' என்றுதான் பெயர்.

அவள் டயலை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

"எங்க அண்ணன்கிட்டப் போறதுக்கு இது எதுக்குங்க? அவருக்கு எப்படி இருக்கும்?"

"மெஷினைத்தானே அளக்கப் போறேன், மச்சானையா அளக்கப் போறேன்?"

"ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் காலத்துக்கும் அண்ணி சொல்லிக் காட்டுவாங்க."

"சரி தாயே" என்று சிரித்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பினான்.

கிடங்கு வாசலிலேயே அண்ணன் நின்றிருந்தார். "வா பாப்பா! வாங்க மைக்ரான் மாப்ளே! டயல் எங்கே? கொண்டு வரலியா?"

"உங்ககிட்ட வர்றதுக்கு எதுக்குண்ணா?" என்று அவளே முந்திக்கொண்டாள். அண்ணன் அவள் தலையைத் தட்டிக் கொடுத்தார்.

பச்சைப் பெயிண்ட் மினுங்க மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கல் சுற்றுவதே காதில் விழவில்லை. அண்ணன் சுவிட்சை அணைத்ததும் புருஷன் கல்லைச் சுழற்றும் ஸ்பிண்டில் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தான். சட்டென்று எடுத்தான்.

"ரொம்ப நேரமா ஓடுதா மச்சான்?"

"சேச்சே, நீங்க வண்டியை நிறுத்துறதைப் பார்த்துட்டுத்தான் போட்டேன்."

புருஷன் ஒரு நொடி அவளைத் திரும்பிப் பார்த்தான். அண்ணனின் பக்கத்தில் பூரித்துப்போய் நின்றிருந்தாள் அவள்.

"எடுத்துக்கிறோம் மச்சான்" என்றான்.

வீட்டில் முதல் நாள் காலையில் சுவிட்சைப் போட்டதும், எவர்சில்வர் தட்டை ஆணியால் கீறுவதுபோல் மெஷின் கத்தியது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. போகப்போகச் சத்தம் அடங்கியது. ஆனால் தகடுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், காற்றடித்த குளம் மாதிரி முகமெல்லாம் அலை. அச்சுக் கம்பெனிக்காரர் கோபப்படக்கூட இல்லை. "வேற இடத்துல பார்த்துக்கிறோம்" என்று அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். "மெஷின்ல சத்தம் வருதுண்ணா."

"காலைல போட்டவுடனே கொஞ்சம் கத்தும் பாப்பா. சூடானா சரியாயிடும். ஒரு மணி நேரம் சும்மா ஓட விட்டுட்டு அப்புறம் வேலை வைக்கச் சொல்லு. அன்னைக்கு நானே அப்படித்தான்..."

பேச்சு அங்கேயே நின்றது. காலையில் என்று அவள் சொல்லவே இல்லை.

"அன்னைக்கு நீயே அப்படித்தான்? மேல சொல்லுண்ணா."

"அட, யாவாரம்னா முன்ன பின்ன இருக்கும். பேரிங் தேஞ்சிருக்கும், மாத்தினாப் போச்சு. வேற எவனாவதா இருந்தா இதைவிட மோசமானதைத் தலையில கட்டியிருப்பான்."

"வேற எவனாவதா இருந்தா இவர் டயல் எடுத்துட்டுப் போயிருப்பாருண்ணா."

போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனாள். புருஷன் எண்ணெய்க் கையோடு குந்தியிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டு அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கை வெச்சப்பவே தெரியும். அப்பதான் போட்ட மெஷின் அப்படிச் சுடாது."

"ஏன் சொல்லலை?"

"உன் முகத்தைப் பார்த்தேன். சொல்ல வரலை. பேரிங்தானே, சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன்."

"ஆக, ரெண்டு பேருமா சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க. அவர் யாவாரத்துக்கு, நீங்க பாசத்துக்கு."

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை எப்போதோ சுத்தமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் நடக்காத மாதிரி பழக்கூடையோடு அண்ணன் வந்தார். அவள் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. நேராக ஷெட்டுக்கு அழைத்துப்போய் ஒரு ஸ்டூலைப் போட்டாள்.

"கை வெச்சுப் பாருண்ணா. சில்லுனு இருக்கா?"

சுவிட்சைப் போட்டாள். மெஷின் அலறியது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார்.

"நிறுத்து பாப்பா! ஊரே கேக்குது!"

"ஒரு மணி நேரத்துல சரியாயிடும்ணா. உக்காரு."

"மாப்ளே, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"சொல்ல வேண்டிய அன்னைக்கே நான் சொல்லலை மச்சான். இப்ப என்னத்தைச் சொல்ல?"

சத்தம் அடங்குகிறவரை அண்ணனால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டார். "லாரி அனுப்பறேன், ஏத்தி விடுங்க. கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்குங்க." வாசல் வரை போனவர் திரும்பினார். "கூடப் பொறந்தவன்னு பார்க்காம, என்னையே நிக்க வெச்சுக் கேள்வி கேட்டுட்டே இல்ல?"

கோபித்துக்கொள்ள வேண்டியவள் அவள். அண்ணன் அந்தக் கோபத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

லாரி வந்து போன பிறகு சாக்பீஸ் கட்டம் மட்டும் மிஞ்சியது. அவள் அலமாரியிலிருந்து டயலை எடுத்துப் புருஷனின் பைக்குள் வைத்தாள்.

"இன்னும் வேற மெஷினே பார்க்கலியே" என்றான்.

"இருக்கட்டும். இனிமே எது சுட்டாலும் அங்கேயே, அப்பவே என்கிட்ட சொல்லணும்."

"சொல்றேன்."

அவள் உடனே தலையசைக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சொன்ன ஒன்றை நம்புவதற்கு முன்னால் அவள் இப்படி நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை.