வலது கையின் மூன்று அடி

"தண்ணி இறங்கல" என்று சி தைபி மூன்றாவது தடவையாகச் சொல்லிச் செம்பைக் கீழே வைத்தார்.

அவர் ஊற்றிய வெதுவெதுப்பான தண்ணீர் மொஃபத்தலின் இடது உள்ளங்கையில் விழுந்து, வாத்து முதுகில் விழுந்ததுபோல முத்து முத்தாகத் திரண்டு, பலகையின் ஓரமாக உருண்டு ஓடியது. ஒரு சொட்டுகூடத் தங்கவில்லை. உள்ளங்கை மாத்திரம் கறுப்பாக, பளபளவென்று, பழைய செருப்பின் அடித்தோல்போல மல்லாந்து கிடந்தது.

தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மகன் லார்பி அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரீஃப் மலையில் கொட்டுகிற பனிக்கு இரக்கமே கிடையாது. ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் கழுதையின் காது மட்டும்தான் வெளியே தெரியும். அந்திக்குள் அடக்கம் செய்யாவிட்டால் கபருஸ்தானுக்குப் போகிற பாதை மூடிவிடும். பிறகு அப்பா எத்தனை நாள் இந்த ஆட்டுக் கொட்டடிப் பலகையில் கிடக்க வேண்டுமோ, யார் கண்டார்.

சி தைபி ஊர்ப் பள்ளிவாசலின் இமாம். நாற்பது கிலோ எடை. அதில் முப்பது கிலோ சட்டம். "தோலுக்கும் தண்ணிக்கும் நடுவுல எதுவும் இருக்கப்படாது. மாவு ஒட்டியிருந்தாலே குளிப்பாட்டு செல்லாது. இங்க ஒரு தோட்டமே ஒட்டியிருக்கு. குளிப்பாட்டு செல்லலைன்னா தொழுகை இல்ல, தொழுகை இல்லைன்னா குழி இல்ல."

"மத்தவங்களையெல்லாம் எப்படிக் குளிப்பாட்டுனீங்க? இந்த ஊர்ல யாரு கையில பிசின் இல்லாம இருந்துச்சு?" என்று கேட்டார் புசியான். பக்கத்து வீட்டுக்காரர். லார்பிக்குச் சித்தப்பா முறை. மொஃபத்தலின் கால்மாட்டில் நின்று சாம்பிராணி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்கள்லாம் ஒழுங்கா ஆறு மாசம் படுத்துக் கிடந்து, சோப்புல ஊறி, கை வெளுத்த பெறகு மவுத்தானாங்க. உங்க அண்ணன் ஒருத்தர்தான் குச்சியும் கையுமா போயிருக்காரு."

அது உண்மைதான். காலை பத்து மணிக்குக் கொல்லைக் கொட்டகையில் அண்டா அடித்துக்கொண்டிருந்தபோதே மொஃபத்தல் சாய்ந்துவிட்டார். தெத்துவான் நகரத்திலிருந்து லார்பி வந்து இறங்கியபோது மணி பன்னிரண்டு.

அண்டா அடிப்பது குளிர்கால வேலை. அண்டாவின் வாயில் சல்லாத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். அதன்மேல் காய்ந்த கீஃப், அதாவது கஞ்சாப் பூங்கொத்துகளைக் குவித்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, டயர் ரப்பரால் இறுக்கி, இரண்டு குச்சிகளால் அடிப்பார்கள். குளிரில் விறைத்த பிசின் பொடிப்பொடியாக உடைந்து, பொன்னிறத் தூளாகத் துணி வழியே இறங்கும். மருந்து இல்லை, சாராயம் இல்லை. குளிரும் குச்சியும் மட்டும். அந்தத் தூளைப் பிறகு உள்ளங்கையில் வைத்துப் பிசைவார்கள். கைச்சூட்டில் அது இளகும், கறுக்கும், கட்டியாகும். குளிர்ந்தால் உதிரும், சூடு பட்டால் ஒட்டும். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ரசாயனம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே பாதி ஐரோப்பாவைச் சிரிக்க வைத்துவிட்டார்கள்.

மொஃபத்தல் நாற்பது வருஷம் பிசைந்தவர். அந்தக் கை எதைத் தொட்டாலும் அது கூடவே வந்துவிடும். ஒரு தடவை சந்தையில் ஒரு கோழியைத் தடவிப் பார்த்துவிட்டு, இளைத்திருக்கிறது, வேண்டாம் என்று திரும்பினாராம். வீட்டுக்கு வந்து பார்த்தால் கோழி கையிலேயே இருந்ததாம். சோதனைக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர் தெரியாத்தனமாக அவரோடு கைகுலுக்கிவிட்டு, மூன்று நாள் தன் மேலதிகாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாராம். கோழி கதையை ஊரே நம்பியது. போலீஸ்காரர் கதையைப் போலீஸ்காரர்களும் நம்பினார்கள்.

"எண்ணெய் போட்டுப் பாக்கலாம். யெம்மா, ஆலிவ் எண்ணெய் ஜாடியைக் கொண்டு வா" என்று லார்பி கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

கதவுக்கு வெளியே அவன் அம்மா யாம்னாவின் காலடி போனது, திரும்பி வந்தது. "ஜாடி காலியா இருக்குப்பா. முந்தாநாள் பாக்கும்போது பாதி இருந்துச்சு. எங்க போச்சுன்னு தெரியல."

புசியான் ஓடிப் போய்த் தன் வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்தார். குளிரில் அது வெண்ணெயாக உறைந்திருந்தது. உருக்கித் தேய்த்தார்கள். நாற்பது வருஷப் பிசின் அசையவில்லை. மெருகேற்றியதுபோல இன்னும் கொஞ்சம் மின்னியது, அவ்வளவுதான். வலது கையோ இன்னும் மோசம். இறுக மூடிய முஷ்டி. சி தைபியும் புசியானும் மாறி மாறி முயன்றும் ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை.

புசியான் நெற்றியைத் துடைத்தார். "இது எண்ணெய்க்கு மசியாது. செத்த கை ஜில்லுனு இருக்கு, பிசின் கல்லாயிருக்கு. வெந்நியை ஊத்தினா உருகி முழங்கை வரைக்கும் அப்பிக்கும். இதுக்குக் கைச்சூடுதான் வேணும். உசிரோட இருக்கிற கை ஒண்ணு சேத்துப் பிடிச்சு, மெதுவாத் தேச்சுக்கிட்டே இருக்கணும். சுருள் சுருளா உருண்டு வந்துடும்."

"அப்ப பிடிங்க" என்றார் சி தைபி.

"என் கையிலயே அரை இஞ்சு இருக்கு. நான் பிடிச்சா ரெண்டு பேரையும் சேத்துத்தான் பொதைக்கணும். சுத்தமான கை வேணும்." புசியான் லார்பியைப் பார்த்தார். "பஸ் ஓட்டுற கை."

லார்பி குடத்தைக் கீழே வைக்கவில்லை.

அப்பாவின் கையை அவன் தொட்டு ஒன்பது வருஷமாகிறது. தெத்துவானில் அவன் கல்யாணத்தன்று, பெண் வீட்டார் எல்லோரும் பார்க்க, மாப்பிள்ளை அப்பாவின் கையை முத்தமிட வேண்டிய நேரம். பெண்ணின் அம்மா விருந்தாளிகளின் கைகளில் ஆரஞ்சுப்பூத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மொஃபத்தல் வலது கையை நீட்டினார். லார்பி குனிந்தான், பாதியில் நின்றான். "பா, கை நாறுது" என்று காதோரம் மெல்லத்தான் சொன்னான். மொஃபத்தல் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு லார்பி எப்போது ஊருக்கு வந்தாலும் அந்தக் கை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. பேச்சில் ஒரு குறையும் இல்லை. பஸ் எப்படி ஓடுகிறது என்று கேட்பார், டயர் விலை கேட்பார். கை மட்டும் வராது.

"நேரம் போவுதுப்பா" என்றார் சி தைபி.

லார்பி குடத்தை வைத்துவிட்டு, பலகையருகே மண்டியிட்டு, அந்த இடது கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்து மூடினான். ஆற்றிலிருந்து எடுத்த கல்லைப்போல இருந்தது. தோள்வரை அவனுக்குக் குளிர் ஏறியது.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

டும், டும். பிறகு ஒன்றுமில்லை. டும், டும். பிறகு ஒன்றுமில்லை.

"யாரு அது, அண்டா அடிக்கிறது?" சி தைபியின் புருவம் ஏறியது. சாவு விழுந்த ஊரில் மூன்று நாள் எந்த வீட்டிலும் அண்டா அடிக்க மாட்டார்கள். செத்தவர், வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று எழுந்துவிடுவாராம்.

புசியான் தலையைச் சாய்த்துக் கேட்டார். அந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொருவர் அடிக்கும் ஒரு தாளம் உண்டு. முகம் மறந்தாலும் தாளம் மறக்காது. அடியைக் கேட்டே, இன்னாருக்கு வயிற்றுவலி, இன்னார் பெண்டாட்டியோடு சண்டை என்று சொல்லிவிடுவார்கள். மொஃபத்தலின் தாளம் இடது கையில் இரண்டு, வலது கையில் மூன்று.

"இது அண்ணன் அடி" என்றார் புசியான்.

"ரெண்டுதானே கேக்குது?"

"காலையிலயும் அப்படித்தான் கேட்டுச்சு. இடது கையால ரெண்டு அடி, அப்புறம் மூணு அடிக்கு இடம் விட்டுட்டு சும்மா. நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்துனேன், என்ன அண்ணே, வலது கையை அண்ணி புடுங்கிக்கிட்டாங்களான்னு. 'இன்னிக்கு அதுக்கு லீவுடா'ன்னாரு. அதுதான் கடைசியாப் பேசினது."

டும், டும். மூன்று அடிக்கு உரிய அளவு மௌனம், இம்மி பிசகாமல். டும், டும்.

"கூரையிலேர்ந்து பனி உருகிச் சொட்டும். போய்ப் பாரு" என்றார் சி தைபி. ஆனால் 'குல்ஹுவல்லாஹு' ஓத ஆரம்பித்துவிட்டார்.

புசியான் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். தாடியில் பனி. "ஒண்ணும் சொட்டல, கூரையெல்லாம் கெட்டியா ஒறைஞ்சிருக்கு. கொட்டகைக்கு வெளிய ஒரு காலடித் தடம் இல்ல. காலையில கட்டின கட்டு அப்படியே அண்டா மேல இருக்கு. குச்சி ரெண்டும் தரையில கெடக்கு." "தாளு மட்டும் அசையுது."

லார்பி தேய்த்துக்கொண்டே இருந்தான். அவன் கைச்சூடு மெல்ல அந்தக் கைக்குள் இறங்கியது. முதலில் வாசனைதான் எழுந்தது. மிளகும் பைன் மரமும் பழைய கம்பளியும் கலந்த, அவன் சின்ன வயதில் தூங்கிய தலையணையின் வாசனை. பிறகு பிசின் இளகியது. கறுப்பு நூல்போல ஒரு சுருள், இன்னொன்று, இன்னொன்று. ஒருகட்டத்தில் எது அப்பாவின் சூடு, எது தன் சூடு என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் கட்டைவிரல் அவன் உள்ளங்கையில் ஒரு வட்டம் போட்டது. பிசைகிற வட்டம். தேய்க்கும்போது தானாக அப்படி நகர்ந்திருக்கலாம். அவன் தேய்ப்பதை நிறுத்திப் பார்த்தான். விரல் இன்னும் அரை வட்டம் போய் நின்றது.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரத்தில் இடது உள்ளங்கை வெளுத்தது. உருண்டு வந்ததையெல்லாம் புசியான் ஒன்று திரட்டி வைத்தார். வால்நட் அளவு இருந்தது. நாளைக்குக் கேட்டால் முலாம்பழம் அளவு என்பார். அதை ஒரு முறை முகர்ந்தவர், கண்ணை மூடித் திறந்து, "இப்படி ஒண்ணு இனிமே இந்த மலையில கெடைக்காது" என்றார்.

"பொதைக்கிறவரைக்குமாவது வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றார் சி தைபி. தண்ணீர் ஊற்றினார். இந்தத் தடவை தோல் நனைந்தது. "சரி. இனி வலது."

லார்பி பலகையைச் சுற்றி வந்தான். டும், டும் என்று கொட்டகை அவனோடு கூடவே வந்தது. மூடிய முஷ்டியை இரண்டு கைகளாலும் பொத்தினான். இதுதான் முதுகுக்குப் பின்னால் ஒன்பது வருஷம் இருந்த கை. தன் வாயருகே கொண்டுவந்து ஊதினான். பனியில் விறைத்துப்போகிற குழந்தையின் கைக்கு ஊதுவதுபோல ஊதிக்கொண்டே இருந்தான்.

சுண்டுவிரல் முதலில் தளர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக. முஷ்டி விரிந்தது.

சி தைபி செம்பை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே ஒன்றுமே இல்லை. பிசின் இல்லை, கறுப்பு இல்லை. நாற்பது வருஷ ஒட்டு முழுவதும் போய், சுரண்டிச் சுரண்டிச் சிவந்து, அங்கங்கே தோல் உரிந்து, பிறந்த குழந்தையின் உள்ளங்கையைப்போல இருந்தது. நகக்கண்களில்கூட ஒரு புள்ளி அழுக்கு இல்லை. அதிலிருந்து மெல்லிசாக ஆரஞ்சுப்பூத் தண்ணீர் வாசனை வந்தது.

கதவுக்கு வெளியே யாம்னாவின் குரல் கேட்டது. உள்ளே நடப்பது அவளுக்குத் தெரியாது. "எண்ணெய் எங்க போச்சுன்னு இப்பத்தான்பா ஞாபகம் வருது. நீ இன்னிக்கு வரேன்னு போன் பண்ணுனேல்ல, அன்னிலேர்ந்து உங்கப்பா ராத்திரி பகலா வலது கையை அதுலயே ஊற வெச்சிட்டிருந்தாரு. சாம்பலை வேற போட்டுத் தேச்சாரு. என்னத்துக்குன்னு கேட்டேன், விரல் முட்டி வலின்னாரு."

புசியான் சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சி தைபி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்திக்குள் முடிக்க வேண்டும் என்று காலையிலிருந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்த மனிதர், அங்கே நின்று சுவரில் இருந்த ஆணிகளையெல்லாம் எண்ணி முடித்தார்.

அவர் திரும்பியபோது கொட்டகையில் சத்தம் நின்றிருந்தது. லார்பியின் உதடு ஈரமாக இருந்தது.

"உன் கையைக் காட்டு" என்றார் சி தைபி.

லார்பி காட்டினான். இரண்டு உள்ளங்கையும் கறுப்பு.

"இதோட கை கால் கழுவினா உன் ஒளு செல்லாது. ஒளு இல்லாம ஜனாஸாத் தொழுகையில நிக்க முடியாது. புதுசாத்தானே ஒட்டியிருக்கு, எண்ணெய்க்கு வந்துடும். தேய்."

புசியான் வீட்டு எண்ணெயும் அடுப்புச் சாம்பலும் போட்டு, எரிகிறவரை தேய்த்தான். சி தைபி ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துத் தலையசைத்தார். கபன் துணியைச் சுற்றும்போது புசியான் அந்த உருண்டையை எங்கே வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. குழியில் போட்டதாகச் சிலர் சொல்வார்கள். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பாதை மூடுவதற்குள் தொழுது, இறக்கி, மண் தள்ளிவிட்டுத் திரும்பினார்கள். வீட்டில் இருபது பேர் இருக்கும், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாம்னா எல்லோருக்கும் புதினாத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். பழக்க தோஷத்தில் ஒரு கிளாஸ் அதிகமாக ஊற்றிவிட்டு, அதைத் திரும்ப எடுக்காமல் அப்படியே தட்டில் விட்டாள்.

கொட்டகைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. டும், டும். டக், டக், டக். டும், டும். டக், டக், டக்.

யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. புசியானின் விரல்கள் முழங்காலில் அந்தத் தாளத்தைத் தட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டன. யாம்னா கெண்டியைச் சாய்த்தபடியே ஒரு கணம் நின்றாள்.

"ரெண்டு கையும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த கிளாஸில் ஊற்றினாள்.

லார்பி தன் கிளாஸை வலது கையில் எடுத்துக் குடித்தான். நல்ல சூடு. குடித்து முடித்துத் தட்டில் வைத்துவிட்டுக் கையை எடுத்தான். கிளாஸ் கூடவே வந்தது.