மீன் பெட்டி யாரைக் கேட்டது

“அப்பாவுக்குத்தான் அம்மா பேர் தெரியுமே. பேரை வச்சு நாங்க இருக்கற இடத்தைக் கண்டுபிடிச்சிட முடியுமா?”

மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்த சிறுமி ஒருநாள் இப்படிக் கேட்டாள். அவள் காதோரம் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. கணவனின் அடிக்குத் தப்பி வரும் பெண்களை மறைவாக வைத்துக் காக்கும் விடுதி அது. அங்கே கணினி பழுதுபார்க்க வந்திருந்தவளை எல்லோரும் மெக்கானிக் என்றே அழைத்தார்கள். அவள் பல்லில் கடித்திருந்த திருகாணியைக் கையில் எடுத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

“அது யாரைக் கேக்கறாங்கங்கறதைப் பொறுத்தது பாப்பா. தெரியாதவங்களைக் கேட்டா பதிலே வராது.”

“தெரிஞ்சவங்களைக் கேட்டா?”

மெக்கானிக் திருகாணியைத் திரும்பவும் வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டின் பாதுகாப்பெல்லாம் அலுவலக மேசைக்கு அடியில் இருந்த ஒரு சிவப்புப் பொத்தான்தான். அதை அழுத்தினால் மூலையிலிருக்கும் கணினி காவல் நிலையத்துக்கு அவசரச் செய்தி அனுப்பும். செய்தி போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை ‘பீப்’ என்று ஒலிக்கும். கைபேசிகளை நம்ப முடியாது. இருக்கும் இடத்தை அவை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் யார் வந்தாலும் கைபேசியை அணைத்து வாசலில் வாட்ச்மேன் கூண்டிலுள்ள பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

அந்தக் கணினியில் ஓடியது ஓபன்பிஎஸ்டி. பலர் பெயர்கூடக் கேள்விப்படாத இயங்குதளம். பாதுகாப்பானது என்று ஒரு நல்ல மனிதர் இலவசமாக அமைத்துக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது, முள்ளை விரித்து உப்பி நிற்கும் மீன் படம் ஒன்றை அதன்மேல் ஒட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது மீன் பெட்டி. விடுதியை நடத்தும் பெரியக்கா தினமும் அதைத் துடைப்பார். துடைக்கும்போது கண்ணை மூடி ஒரு சின்னப் பிரார்த்தனையும் சொல்வார்.

அந்த மீன் பெட்டிதான் இப்போது பொத்தானை அழுத்தினால் ஊமையாக இருந்தது. காவல் நிலையக் கணினியின் எண் முகவரியைக் கொடுத்தால் செய்தி போய்ச் சேர்ந்தது; பெயரைக் கொடுத்தால் விழித்தது. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்வது டிஎன்எஸ் சேவையின் வேலை. எந்தச் சேவையைக் கேட்பது என்று ஒரு கோப்பில் எழுதியிருக்கும். அதில் எப்போதோ செத்துப்போன ஒரு சேவையின் எண் இருந்தது. மெக்கானிக் அதை அழித்துவிட்டு நல்ல எண்ணை எழுதினாள். பீப் ஒலித்தது. பெரியக்கா கைதட்டினார்.

வாசலில் அவள் ஸ்கூட்டர் இருக்கையின்மேல் ஒரு சாக்கு விரித்திருந்தது. வாட்ச்மேன் அண்ணன் அதை எடுத்து மடித்தார்.

“நீங்களா போட்டீங்க? தேங்க்ஸ்ண்ணே.”

“இந்த வெயில்ல வெறும் சீட்டுல உக்காந்திருந்தா, குதிச்ச குதியில எங்க கூரைமேல நின்னிருப்பீங்க.”

பத்து நாளில் மறுபடி கூப்பிட்டார்கள்.

அவள் எழுதிய வரி கோப்பில் அப்படியே இருந்தது. ஆனால் அதன் தலைமேல் அந்தச் செத்த எண் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. மீன் பெட்டி முதலில் அதைக் கேட்டுவிட்டு வாய் பார்த்து நிற்கும். அதற்குள் பொத்தானின் நிரல் பொறுமையிழந்து கைவிட்டுவிடும். மெக்கானிக் அந்த வரியை அழித்தாள். கண் இமைப்பதற்குள் அது திரும்ப வந்தது.

“இதுல யாராச்சும் கை வச்சீங்களா பெரியக்கா?”

“மீன் பெட்டியிலயா? எங்களுக்கு அவ்ளோ தைரியம் ஏது. இந்த நெட் ஒயரை மட்டும்தான் பிடுங்குவோம்.”

“எதுக்கு?”

“புதுசா ஒரு பொண்ணு வந்தா கொஞ்ச நேரம் லைனைப் பிடுங்கி வச்சிடுவோம். லைன் வழியா எவனாச்சும் மோப்பம் பிடிச்சு வந்துட்டா?”

மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. ஒயரை மறுபடி செருகும்போதெல்லாம் இணையத்தைக் கொண்டுவரும் இணைப்புப் பெட்டி மீன் பெட்டிக்கு ஒரு முகவரி கொடுக்கிறது. கூடவே, பெயர் தெரியாவிட்டால் இன்னாரைக் கேள் என்று தன்னிடமிருக்கும் பழைய எண்ணையும் சொல்லி அனுப்புகிறது. மீன் பெட்டி அதை மரியாதையாக மேலே எழுதிக்கொள்கிறது; அப்படி எழுதிக்கொண்டதை அழித்தால் உடனே திரும்ப எழுதுகிறது. பாவம், அவர்கள் பயந்து பயந்து செய்த காரியமே அவர்களின் குரலை அடைத்துவிட்டது.

“முகவரியை வாங்கிக்கோ, புத்திமதியை வாங்காதேன்னு இதுக்குச் சொல்லணும். அவ்ளோதான்” என்று அவள் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

வாசற்கதவு பிளக்கும் சத்தம் கேட்டது.

சிறுமியின் அப்பா இரும்புக் கம்பியோடு வந்திருந்தான். வாட்ச்மேன் அண்ணன் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் அடி விரல்களில் விழுந்தது. அவர் விடவில்லை. அடுத்தது முழங்கையில். எலும்பு முறிந்த சத்தம் அலுவலகம்வரை கேட்டது. அப்போதும் உடம்பால் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். “உள்ள போய்ப் பூட்டிக்கங்கம்மா” என்று கத்தினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் பெரியக்கா தாயையும் மகளையும் உள்ளறையில் தள்ளிப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு கம்பி வாட்ச்மேன் அண்ணன் தலையில் இறங்கியது. அவர் சரிந்து தன் சைக்கிளின்மேல் விழுந்தார்.

“எங்கடி இருக்க? உன் கூடப்பொறந்த அண்ணனே இடத்தைச் சொல்லிட்டான்டி!”

பெரியக்கா பொத்தானை அழுத்தினார். சத்தமில்லை. மறுபடி அழுத்தினார். மெக்கானிக்கின் விரல்கள் ஓடின. அமைப்பைச் சேமித்துச் சேவையைத் திரும்பத் தொடங்கினாள். முடியாது என்றது திரை. பதற்றத்தில் கடைசி அடைப்புக்குறியைப் போட மறந்திருந்தாள்.

அவன் உள்ளே வந்து பெரியக்காவின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

“சாவி எங்க?”

“தரமாட்டேன் தம்பி.”

மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியபோதும் அவர் தம்பி என்றுதான் சொன்னார். அவன் வயிற்றில் உதைத்தான். உள்ளறையில் சிறுமி வாய்விட்டு அழுதாள். அவன் கம்பியைத் திருப்பி மெக்கானிக்கைப் பார்த்தான்.

“நீ என்னடி தட்டிக்கிட்டிருக்க?”

கம்பி திரையில் இறங்கியது. கண்ணாடிச் சில்லுகள் அவள் கன்னத்திலும் புருவத்திலும் தைத்தன. திரை கறுத்துவிட்டது. ஆனால் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவன் அவளுடைய கூந்தலைப் பிடித்து இழுத்தான். விசைப்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் தரையில் விழுந்தாள். கோப்பைத் திறந்தாள். கடைசிக்குப் போய் ஒரே ஒரு அடைப்புக்குறி போட்டாள். சேமித்தாள். எதுவுமே தெரியாமல், விரல்களின் நினைவை மட்டும் நம்பினாள். முதுகில் கம்பி விழுந்தது. மூச்சு ஒரு கணம் நின்றுபோனது. சேவையைத் திரும்பத் தொடங்கும் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

“அக்கா, அழுத்துங்க.”

பெரியக்கா தவழ்ந்து போய் மேசைக்கு அடியில் கையை நீட்டினார். அந்தக் கையை அவன் செருப்புக் காலால் மிதித்தான். அவர் இன்னொரு கையை நீட்டினார்.

பீப்.

அது என்ன சத்தமென்று அவனுக்குத் தெரியவில்லை. உள்ளறைக் கதவை அடிக்கப் போனான். பலகை விரிசல் விட்டு, விரிசல் துளையாகி, துளை வழியே கையை விட்டுத் தாழைத் தேடிக்கொண்டிருந்தபோது காவலர்கள் வந்தார்கள். அவனைத் தரையில் தள்ளி விலங்கு மாட்டினார்கள். வாசலில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு வந்த ஆத்திரத்தில் ஒருவர் அவன் முகத்தில் பூட்ஸ் காலால் உதைத்தார். இன்னொருவர் தடியை ஓங்கினார்.

“போதும் சார்” என்றார் பெரியக்கா, பல் உடைந்த வாயால். “கதவுல ஓட்டை இருக்கு. பொண்ணு பாத்துக்கிட்டிருக்கா.”

தடி தாழ்ந்தது. அந்தக் குழந்தை அடியைப் பார்த்தே வளர்ந்தவள். ஓங்கிய கை இறங்குவதையும் ஒருமுறை பார்க்கட்டும் என்று கடவுள் நினைத்திருக்கலாம்.

மறுநாள் மதியம் கன்னத்தில் கட்டோடு மெக்கானிக் வேறொரு திரை கொண்டுவந்து மாட்டினாள். ஒயரைப் பிடுங்கினாள், செருகினாள். செத்த எண் திரும்ப வரவில்லை. பொத்தான் பீப் என்றது. பெரியக்கா கட்டுப்போட்ட கையால் மீன் பெட்டியைத் துடைத்தார்.

“வாட்ச்மேன் அண்ணன் எப்படி இருக்காரு?”

“கண்ணு முழிச்சிட்டாரு. கை மட்டும் பழையபடி வராதாம்.” துணியை மடித்தபடி சொன்னார்: “தாயையும் பொண்ணையும் வேற இடத்துக்கு அனுப்பிட்டோம்.”

எங்கே என்று மெக்கானிக் கேட்கவில்லை.

வெளியே வந்தாள். தெருவில் ஆளில்லை. கூண்டு காலியாக இருந்தது. சுவரோரம் வாட்ச்மேன் அண்ணனுடைய சைக்கிள் சாய்ந்து நின்றது. கைப்பிடியில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதன் கறுப்பு இருக்கை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்துக் கைப்பிடியை அழுத்தித் துடைத்தாள். வளைந்திருந்த மணியை நிமிர்த்தினாள். கூண்டுக்குள் மடித்து வைத்திருந்த சாக்கை எடுத்துச் சைக்கிள் இருக்கையின்மேல் விரித்து, காற்றில் பறக்காதபடி முனைகளைக் கம்பியில் முடிந்துவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.