நார்ப் பலகை ஒட்டிய சுவர்

கணவன் போன பிறகு அவள் அழவேயில்லை. பட்டறையில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அடக்கம் முடிந்த கையோடு வேலைக்கு வந்தவள், தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பலகை அழுத்தும் பிரஸ் முன்னால் போய் நின்றாள். நின்றவள் நின்றவள்தான்.

அங்கே சத்தத்தை அடக்கும் பலகைகள் செய்தார்கள். பஞ்சாலைத் தரையில் கூட்டி அள்ளிய கழிவுப் பஞ்சு, குலை வெட்டிய பிறகு தோட்டத்தில் வீணாகக் கிடக்கும் வாழைத்தண்டின் நார், கிழிந்த சணல் சாக்கு எல்லாம் வண்டி வண்டியாக வரும். அந்த வண்டியை ஓட்டியவன் அவள் கணவன்தான். ஒரு காலையில் பட்டறை வாசலில் மூட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். எழவில்லை.

வந்த கழிவைப் பிய்த்துப் போடும் இயந்திரத்தில் நிற்பவருக்குக் கரடி என்று பெயர். மாலையானால் புருவம் முதல் முழங்கை வரை நார் ஒட்டி அப்படித்தான் இருப்பார். பிய்த்ததைப் பசைத்தூளோடு கலந்து தட்டில் பரப்பிக் கொடுத்தால், சூட்டில் அழுத்திப் பலகையாக்குவது அவள் வேலை. அழுத்தம் கூடினால் இறுகிப்போய், சத்தம் பட்டுத் திரும்பி வரும். குறைந்தால் பொலபொலவென்று உதிரும். நாருக்கு நடுவே காற்று தங்க வேண்டும். தொட்டுப் பார்த்தே அவள் சொல்லிவிடுவாள். அவளிடம் அந்தக் கை மட்டும்தான் பழையபடி இருந்தது, மற்றதெல்லாம் மரத்துப்போயிருந்தது. சாப்பிட்டாள், ருசி தெரியவில்லை. ஒருநாள் சூட்டுத் தட்டில் மணிக்கட்டு பட்டுத் தோல் வழன்றது. கரடி பதறிக்கொண்டு ஓடி வந்த பிறகுதான் அவளே குனிந்து பார்த்தாள்.

வீட்டில் அவளும் கணவனைப் பெற்ற அத்தையும்தான். இரண்டு அறை, நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். மாலையில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் தொடங்கும். அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கேயோ இடுக்கில் மாட்டிக்கொண்ட நாய்க்குட்டி போல ஒரு முனகல். காதைப் பொத்தினாலும் கேட்டது.

"அண்ணே, கழிச்சுப்போட்ட பலகை இருந்தா எடுத்துக்கட்டுமா?" என்று கரடியிடம் கேட்டாள்.

"எதுக்குத் தங்கச்சி? வீட்ல கச்சேரி வைக்கப் போறியா?"

"அத்தை அழறது கேக்குது."

கரடியின் சிரிப்பு பாதியில் நின்றது. முகத்தைத் துடைக்கப் போய் இன்னும் கொஞ்சம் நாரை அப்பிக்கொண்டார். "நம்ம பலகை எதிரொலியத்தான் குடிக்கும். சுவரத் தாண்டி வர்றத மொத்தமா நிறுத்தாது. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். ரெண்டடுக்காப் போட்டு நடுவுல இடம் விட்டுக்கறேன்."

முதலாளியிடம் அவரே பேசி, விடுமுறை நாளில் பலகைகளை ஏற்றி வந்து, சட்டம் அடித்துப் பொருத்தியும் கொடுத்தார். அத்தை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலை மறைந்ததும் கேட்டாள்.

"நான் அழறது உனக்கு இடைஞ்சலா இருக்கா?"

குளிருக்காக என்று எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"ஆமா அத்தை."

சண்டை வந்தால் வரட்டும் என்றுதான் இருந்தாள். அத்தை பலகையை மெல்லத் தடவினாள்.

"அப்போ இனிமே எதுவும் கேக்காதா?"

"லேசாக் கேக்கும். வார்த்தை புரியாது."

"நல்லதாப் போச்சு. நீயே பித்துப் பிடிச்ச மாதிரி நடமாடறே. நான் வேற அழுது உன்னைச் சாய்ச்சுடக் கூடாதேன்னு துணிய வாயில அடைச்சுக்கிட்டுக் கிடந்தேன். மூச்சு முட்டுதும்மா."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் ஓங்கிய குரல் ஒன்று எழுந்தது. பலகைகளைக் கடந்து வரும்போது அது தூரத்து இரைச்சலாகத் தேய்ந்திருந்தது. தனக்கும் ஏதாவது வரும் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

முகம் வீங்கி வெளியே வந்த அத்தை, "பசிக்குது" என்றாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

"உனக்கு அழுகையே வரலையா?"

"வரல அத்தை. வந்தா தேவலைன்னு இருக்கு."

"வர்றப்போ வரட்டும். வந்தா அடக்கிக்காதே. எனக்கும்தான் வார்த்தை புரியாதே."

நாளாக ஆக அத்தையின் அழுகை குறைந்தது. கடைவீதிக்குப் போய்வரவும் தொடங்கினாள். மருமகளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. மாலைகளில் சுவரோரம் உட்கார்ந்து, அந்த வார்த்தையில்லாத சத்தம் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள். ஓய்ந்ததும் எழுந்து இரண்டு தட்டுகளை எடுத்து வைப்பாள்.