கத்தக் கூடாத பாறை

அந்தப் பாறையில் ஏற அனுமதி வாங்க, போர்டு எழுதுகிறவர் நான்கு வருடம் நடையாய் நடந்தார். நிலக்காரர் லேசில் மசிகிற ஆள் இல்லை. கடைசியில் மூன்று விதி போட்டுத்தான் ஒப்புக்கொண்டார். கேட்டைச் சாத்த வேண்டும். இரண்டு வண்டிக்கு மேல் நிறுத்தக் கூடாது. உச்சிப் பிளவில் வல்லூறு அடைகாப்பதால், பாறையில் கத்தவே கூடாது. யார் மீறினாலும் எல்லோருக்கும் கதவடைப்பு. இதையெல்லாம் பலகையில் முத்து முத்தாக எழுதி நட்டவரும் இவரேதான்.

கூடு காலியாக இருந்த மாதங்களில் மேலிருந்து தொங்கி, கயிறு மாட்டும் போல்ட்டுகளைப் பாறையில் அடித்ததும் இவர்தான். மொத்தம் ஏழு கயிறு உயரம். ஏழாவதை மட்டும் இன்னும் ஏறவில்லை. ஒரு வருடம் மழை, ஒரு வருடம் முட்டிவலி. இன்று விடுவதாக இல்லை.

துணைக்கு வந்தவன் மச்சினன், லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை குழாயை மூடாமலே ஊருக்குப் போன மகராசன். ஆறாவது கயிறு முடிந்த திட்டில் இவர் அவன் காதோடு கேட்டார்.

"டேய், கேட்டைச் சாத்தினியா?"

"சாத்தினேன் மாமா."

"கொக்கி?"

"போட்டேன். எத்தனை தடவை கேப்பீங்க? எங்க அக்கா பாவம்."

ஏழாவது கயிற்றில் பாதி ஏறிவிட்டுக் கீழே பார்த்தார். கேட் ஆவென்று திறந்து கிடந்தது. மாடுகள் வரிசையாகச் சாலைக்குப் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் ஒரு லாரி. நிலக்காரர் கொட்டகையருகே, பாறைக்கு முதுகைக் காட்டி நின்றார். போனில் சிக்னல் இல்லை. படுபாவி, கெடுத்தானே!

"ஐயா! மாடு! மாடு ரோட்டுக்குப் போகுது!"

நான்கு வருடம் அடக்கிவைத்த குரல் அது. வல்லூறு கூட்டிலிருந்து எழும்பியது, ஒரு வட்டம் அடித்தது, மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நிலக்காரர் நிமிர்ந்து பார்த்து, இறங்கி வரும்படி கையைக் காட்டினார்.

அத்தனை கயிறும் இறங்க ஒன்றரை மணி நேரம்.

"கேட்டைத் திறந்தது நான்தான்," என்றார் நிலக்காரர். "மாட்டை எதிர் வயலுக்கு மாத்தினேன். வளைவுல என் பொண்ணு வண்டியையெல்லாம் நிறுத்திட்டு நின்னா. இந்தத் தம்பி கொக்கியை ஒழுங்காத்தான் போட்டிருந்தாரு."

மச்சினன் குனிந்து கயிற்றைச் சுருட்டினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நல்லதுக்குத்தானே ஐயா கத்தினேன்?"

"நல்லதுக்குத்தான். பறவைக்கு அது தெரியாதே. இன்னும் திரும்பி வரலை."

நிலக்காரர் பலகையைப் பிடுங்கித் திருப்பி வைத்தார். "இந்தப் பக்கம் காலியா இருக்கு."

வண்டியில் பெயிண்ட் இருந்தது. மச்சினன் டப்பாவைப் பிடித்துக்கொள்ள, போர்டு எழுதுகிறவர் மண்டியிட்டு, 'ஏற அனுமதி இல்லை' என்று எழுதினார். ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை.

"நல்லா இருக்கு," என்றார் நிலக்காரர்.

வெளியே வந்ததும் கேட்டை இவரே சாத்தினார். கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.