மாத்திரை போக வேண்டிய விலாசம்

"பல்லைக் கடிச்சுட்டு இரு. அவங்க கிளம்பட்டும்" என்று மாமியார் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

முன்னறையில் நாத்தனாருக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள். உள்ளே, தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகள் தரையில் சுருண்டு கிடந்தாள். இரண்டு நாளாக வாந்தி. வயிறு கல்லாட்டம் இறுகியிருந்தது. எழுந்தால் ஒரு வலி, படுத்தால் வேறொரு வலி. முன்னறையில் சிரிப்புச் சத்தம் ஓயவேயில்லை.

குடலில் காசநோய் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆறு மாதம் விடாமல் மாத்திரை. இரண்டாம் மாதமே மாமியார் அதையெல்லாம் எடுத்து ஒளித்துவிட்டாள். "வெளிய தெரிஞ்சா இந்த வீட்டுப் பொண்ணை எவன் கட்டுவான்?" கணவன் அம்மாவைத் தடுக்கவில்லை. வலி குறைந்திருந்ததால் அவளும் மல்லுக்கு நிற்கவில்லை.

வந்தவர்கள் போன பிறகுதான் ஆட்டோ வந்தது.

"குடல் சுருங்கி அடைச்சிருக்கு. அதுக்கு மேல ஓட்டை விழுந்துருச்சு" என்றார் ஆபரேஷன் டாக்டரம்மா. "கெட்ட பகுதியை வெட்டி எடுத்துட்டு, குடலை வயித்துக்கு வெளிய கொண்டுவந்து, மலம் சேர ஒரு பை வைப்போம். சில மாசம் கழிச்சு உள்ள சேர்த்துடலாம்."

"பையா? அப்புறம் புள்ளை பொறக்குமா?" என்றாள் மாமியார்.

"முதல்ல அவங்க பிழைக்கணும்மா."

கணவன் ஆபரேஷன் சம்மதப் படிவத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ஊர்ல இருக்கற மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"இங்க கொடுங்க" என்று கட்டிலிலிருந்து கை நீண்டது. "வயிறு என்னுது."

எழுத்து கோணலாக விழுந்தது. ஆனாலும் அது கையெழுத்துதான்.

பன்னிரண்டாம் நாள் மாமியார் கட்டிலோரம் குனிந்தாள். "கல்யாணம் முடியற வரைக்கும் உங்கம்மா வீட்ல இரு. யாராவது கேட்டா அப்பெண்டிக்ஸ்னு சொல்லிக்கலாம்."

அவள் பதில் சொல்வதற்குள் சுகாதாரப் பணியாளர் நோட்டோடு வந்துவிட்டார். "டிஸ்சார்ஜ் ஆனதும் மாத்திரையை எந்த விலாசத்துக்குக் கொண்டு வரணும்?"

மாமியார் முந்திக்கொண்டு மருமகளின் அம்மா வீட்டுத் தெருவைச் சொன்னாள்.

"அது இல்லைங்க" என்றாள் மருமகள். தையல் இழுத்தது, வயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணவன் வீட்டுக் கதவு எண், தெரு, மாடி எல்லாவற்றையும் வார்டு முழுக்கக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

"அந்த வீட்ல மொத்தம் எத்தனை பேர்? எல்லாருக்கும் பரிசோதனை பண்ணணும்."

மாமியார் கண்ணால் அதட்டினாள்.

"நாலு பேர். எழுதிக்குங்க. அத்தை, அவங்க பையன், பொண்ணு" என்றாள் அவள். "அப்புறம் நான். நான் அங்கதான் இருப்பேன்."