உள்ளி நாறிய நூல்

முருகேசுப் பரியாரியாருக்குச் சளி இழுக்கத் தொடங்கிவிட்டது என்று அயல்வீட்டுக்காரி தொலைபேசியில் சொன்னதும், நெடுந்தீவிலிருந்து காலை முதல் படகிலேயே ஏறிவிட்டாள் பிரியவதனி. வேதக்காரக் கிறிஸ்தவனைக் கட்டினாள் என்று பதினான்கு வருடமாக அவளோடு பேசாத அப்பாதான். என்ன செய்வது, தானாடாவிட்டாலும் தன் தசை ஆடுமே. கண்மூடுமுன் அவர் வாயால் ஒரு "பிள்ளை" கேட்டால் போதும் அவளுக்கு.

புளியங்கூடல் வீட்டுக்குள் நுழைந்ததும் தமையன் குலசிங்கத்திடம், "அண்ணை, கஸ்தூரி குடுத்துப் பாப்பம்" என்றாள். வைத்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதிதான். சாகக்கிடப்பவரின் நாக்கில் கஸ்தூரியைத் தேனில் உரைத்துத் தடவினால், சளி இளகிக் கொஞ்சம் பேச்சு வரும். ஒரே ஒரு தடவைதான், பிறகு வராது.

குலசிங்கம் குசினிக்குள் போய், நேரம் கழித்துச் சிமிழோடு வந்தான். உரைத்துத் தடவினான். "அப்பா, வதனி வந்திருக்கிறன்" என்று காதோரம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மனிதர் வாய் திறக்கவேயில்லை. மத்தியானம் மூச்சு நின்றது.

அழுது ஓய்ந்து தண்ணீர் குடிக்கப் போனவள் உரைகல்லைக் கண்டாள். வீடே மணக்க வேண்டிய சாமான், மூக்கை வைத்தும் மணக்கவில்லை. அப்பா கஸ்தூரி வாங்கும்போது செய்கிற சோதனையைச் செய்தாள். ஊசிநூலை உள்ளிப் பூண்டின் பல்லுக்குள்ளால் இழுத்து, பிறகு சிமிழில் மிஞ்சிய துண்டுக்குள்ளால் இழுத்தாள். நல்ல கஸ்தூரி உள்ளி நாற்றத்தை அடக்கிவிடும். நூல் உள்ளியாகவே நாறியது. துண்டை நாக்கில் வைத்தாள். கருகிய பனங்கட்டி!

குலசிங்கத்தைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

"எங்கை கஸ்தூரி?"

"முடிஞ்சுது. கடைசித் துண்டை விடியவே குடுத்திட்டன்."

"அப்ப, அப்பா கதைச்சவரோ?"

"ஓம். கண்ணைத் திறந்தவுடனை, வதனி எங்கை எண்டவர். இவ்வளவு காலமும் மூத்திரம் அள்ளினது நான். என்ரை பேர் அவரின்ரை வாயிலை வரேல்லை."

கூடப்பிறந்தவனே கழுத்தறுத்துவிட்டான். முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் கேட்க வேண்டியது இன்னும் இருந்தது.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கூப்பிட்டனான், வரமாட்டாளாம் எண்டனான்."

"அப்பா நம்பினவரோ?"



"ஓம். 'அவளிலை பிழையில்லை, நானெல்லோ கதைக்காமல் விட்டனான்' எண்டிட்டுக் கண்ணை மூடினவர்."