கிண்ணத்தின் அடியில் ஒரு நன்றி

ஜப்பானில் கிதகதா ஊரில் காலை ஏழு மணிக்கே ராமென் என்கிற சூப்பு நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். வெளியூர்க்காரன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஃபுசாயே கடைச் சூப்பை ஒரு வாய் குடித்தால் அவன் சிரிப்பு தானாக அடங்கிவிடும். பன்றி எலும்பும் நெத்திலிக் கருவாடும் சோயாவும் சேர்ந்த அந்தச் சூப்பை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்திலேயே ஆளில்லை.

அவளுடைய கிண்ணங்களின் அடியில் நீல எழுத்தில் 'நன்றி' என்று எழுதியிருக்கும். கடைசிச் சொட்டு வரை குடித்தவனுக்குத்தான் அது தெரியும். அவள் வாயால் யாருக்கும் நன்றி சொன்னதில்லை, கிண்ணம் சொல்லிக்கொள்ளும். மிச்சம் வைத்து எழுந்தவனை, "என்ன, எங்க சூப்பு தொண்டையில இறங்கலையோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவாள். அந்த வாய்க்குப் பயந்தே பாதி ஊர் கிண்ணத்தைக் காலி செய்தது.

மொரிகிச்சி மட்டும் ஆசையாகக் குடிப்பவர். கூரைக்கு ஓடு வேய்கிற மனிதர், கடை திறந்த நாளிலிருந்து வருகிறார். குடித்து முடித்ததும் கிண்ணத்தைச் சாய்த்து அந்த எழுத்தை அவளுக்குக் காட்டுவார். அதைப் பார்க்காவிட்டால் அவளுக்குப் பொழுதே விடியாது.

அவருக்குப் பனிக்காலத்தில் மாரடைப்பு வந்தது. எப்படியோ பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பிய அன்றே அவர் மனைவி கினுயோ கடையின் பின்வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, நாளைக்கு இங்க வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. நூடுல்ஸ் திங்கலாம், சூப்பத் தொடக்கூடாதுன்னுட்டாரு டாக்டர். அந்த உப்பை அவரு நெஞ்சு இனிமே தாங்காதாம்."

"அப்ப என் சூப்பு விஷமா?"

"ஐயோ, அப்படிச் சொல்லுவேனா! மிச்சம் வெச்சா உங்களுக்கு அவமானம்னு குடிச்சே தீருவாருக்கா. நீங்க சொன்னாத்தான் உண்டு."

ஃபுசாயே அவளை அனுப்பிவிட்டாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவருக்குத் தெரியாமல் சூப்பில் வெந்நீரைக் கலந்து கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். சீ, அந்தப் பிழைப்புக்குக் கடையையே மூடிவிடலாம்.

மறுநாள் காலை கடை நிறைந்திருந்தது. இளைத்துப்போயிருந்த மொரிகிச்சி தம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து நூடுல்ஸை உறிஞ்சி முடித்தார். சூப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கினார்.

"கீழ வைங்கண்ணே. டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும்."

"டாக்டர் கிடக்கான். மிச்சம் வெச்சுட்டு எந்த மூஞ்சியோட நாளைக்கு இங்க வருவேன்?"

"அதக் குடிச்சா நாளைக்கு வரவே மாட்டீங்க!"

அப்போதும் மனிதர் கிண்ணத்தை இறக்கவில்லை. ஃபுசாயே மேடையைச் சுற்றி வந்து அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். பாத்திரம் கழுவும் தொட்டியருகே போனதும் அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு கொட்டினாள். ஃபுசாயே தன் சூப்பைத் தானே கொட்டி அந்த ஊர் பார்த்ததில்லை.

காலிக் கிண்ணத்தை அவர் முன் சாய்த்துப் பிடித்தாள்.

"இந்தாங்க, தெரியுதா எழுத்து?"

இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். "நன்றிண்ணே. உசுரோட வந்தீங்களே."

மொரிகிச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "அடேயப்பா, உனக்கு வாயால சொல்லவும் தெரியுமா?" என்றார்.

மூலையிலிருந்த தபால்காரர் பாதிச் சூப்போடு தன் கிண்ணத்தை மெல்ல முன்னால் தள்ளினார். "அக்கா, எனக்கும் பி.பி. இருக்கு."

"இத்தனை நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்று அதையும் வாங்கிக் கொட்டினாள், அவருக்கும் குனிந்து நன்றி சொன்னாள்.

அன்று நிறையச் சூப்பு தொட்டிக்குள் போனது. அதில் ஒரு துளியிலும் தண்ணீர் கலக்கவில்லை என்று அவளுக்கு ஒரே பெருமை.

மறுநாள் ஏழு மணிக்கு அவள் கதவைத் திறந்தபோது, முதல் ஆளாக மொரிகிச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.